‘அல்வா வாங்கிட்டு வந்த மனுஷனைத்தான் தேடுது’: வன்முறையிலிருந்து வெளியே வந்த பெண்ணும் ஓர் இளம் ஆலோசகரின் குழப்பமும்

கடிதத்தின் சுருக்கம்

தென்மாவட்டம் ஒன்றில் சிறிய ஆலோசனை மையம் நடத்தும் இளம் மனநல ஆலோசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் ஆறு மாதங்களாக 34 வயதுப் பெண் ஒருவர் வந்துகொண்டிருந்தார். 9 ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அடி, வசை, ஓயாத சந்தேகம். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டும் கணவரிடமே இருந்தது. 14 மாதங்களுக்கு முன் 7 வயது மகனுடன் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்றும் தெருவில் யாராவது பைக்குக்கு ஸ்டாண்டு போடும் ஓசை கேட்டால் கை வேலை அப்படியே நின்றுவிடுகிறது. இரவில் தூக்கமில்லை, பால் கணக்குகூட நினைவில் நிற்பதில்லை. ஆனால் கணவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மட்டும் ரகசியமாகப் பார்க்கிறார். “அடிச்ச மறுநாள் அல்வா வாங்கிட்டு வருவார் அக்கா. அந்த அல்வா வாங்கிட்டு வந்த மனுஷனைத்தான் தேடுது” என்றிருக்கிறார்.

ஆலோசகர் அவருக்குக் கண்களை மூடிச் செய்யும் மூச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார், நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார், கணவரை மன்னித்துக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார், தாலியைக் கழற்றினால்தான் மனம் விடுபடும் என்றும் கூறியிருக்கிறார். கட்டணம் கட்டும் தாயார் போனில் விசாரித்தபோது, மகளுக்கு இன்னும் கணவர் மேல் பாசம் இருப்பதாகச் சொல்லிவிட்டார். “உனக்கே மனசு இருக்குல்ல, அப்புறம் என்ன?” என்று தாயார் மகளிடம் கேட்க, அந்தப் பெண் மூன்று வாரமாக வரவில்லை. குடியை விட்டுவிட்டதாகக் கூறும் கணவர், இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும்படி ஆலோசகரையே கேட்கிறார். ஓராண்டு கடந்துவிட்டதால் இனி வழக்குப் போட முடியாது என்கிறார்கள் உறவினர்கள். நான் எங்கே தவறினேன், கூட்டு ஆலோசனை நடத்தலாமா, சட்டத்தின் வழி அடைபட்டுவிட்டதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள தோழிக்கு,

தாயாரிடம் பேசியதை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் வராமல் போனதற்கு நோட்டையும் மூச்சுப் பயிற்சியையும் காரணமாக நினைக்கிறீர்கள். அவற்றில் குறை உண்டு, பிறகு சொல்கிறேன். ஆனால் 9 ஆண்டுகள் தன் போனையும் கைப்பையையும் சம்பளத்தையும் இன்னொருவர் திறந்து பார்க்க வாழ்ந்த ஒருவர், முதன்முறையாக ஓர் அறையில் தானாகத் திறந்து வைத்த ஒன்றை நீங்கள் அவருக்குத் தெரியாமல் வேறொருவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் அவருக்கு எதிராகவே பயன்பட்டுவிட்டது. கட்டணம் யார் கட்டினாலும் அறைக்குள் பேசியது பேசியவருக்கே சொந்தம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் இந்த ரகசியத்தை ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்களைப் போன்ற ஆலோசகர்கள் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்களா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும், நம் தொழில் நிற்பதே இதன் மேல்தான்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலோ, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தாலோ (போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம்) நாம் வாய் திறந்தே ஆக வேண்டும். அந்த எல்லையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மற்றபடி தாயார் கேட்டால், “உங்கள் அக்கறை புரிகிறதம்மா. மகளைப் பற்றி மகளிடமே கேளுங்கள், அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நான் பேசுவதில்லை” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

அந்த அல்வாவைப் பற்றி

அந்தப் பெண் கணவரைத் தேடுவதை நீங்கள் ‘பாசம்’ என்று பெயரிட்டதில்தான் மீதிக் குழப்பம் எல்லாம் தொடங்குகிறது. முதல் நாள் அடித்த கை மறுநாள் இனிப்பு ஊட்டும்போது அந்த இனிப்பு சாதாரண இனிப்பாக இருப்பதில்லை. நேற்றைய பயங்கரம் முடிந்துவிட்டது என்று உடல் தளரும் ஆறுதலும் அதோடு சேர்ந்தே இறங்குகிறது. ஒருவர் கை ஓங்கியிருக்கும் உறவில் அடியும் ஆறுதலும் மாறி மாறி, எது எப்போது வரும் என்று தெரியாமல் வந்தால் பிணைப்பு தளராமல் இறுகும் என்பதை உளவியலாளர்கள் டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் 1981-இல் விளக்கினார்கள். அதிர்ச்சிப் பிணைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முறையும் தவறாமல் கிடைக்கும் அன்பைவிட, கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்க வைக்கும் அன்பே மனத்தை அதிகம் கட்டிப்போடுகிறது.

ஆகவே அவர் ஸ்டேட்டஸ் பார்ப்பதை நோய் திரும்பியதாகவோ, உங்கள் தோல்வியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். “பார்க்காதீர்கள்” என்று தடுக்கவும் வேண்டாம். தடுத்தால் பார்ப்பதை நிறுத்த மாட்டார், உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவார். பார்ப்பதற்கு முன் உடம்பில் என்ன இருந்தது, பார்த்த பிறகு என்ன ஆனது என்று இருவருமாகக் கவனியுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படிக் கவனித்துப் பார்த்து, மாலை ஆறு மணிக்கு மேல்தான் கை போனைத் தேடுகிறது என்று தானே கண்டுபிடித்தார். அது கணவர் வீடு திரும்பும் நேரம். இன்று என்ன மனநிலையில் வருகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் பழைய காவல் வேலையை அவருடைய கண் இன்னும் செய்துகொண்டிருந்தது. பாசமும் அதில் இருந்திருக்கலாம், ஆனால் காவல்தான் பெரும்பங்கு.

துக்கமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கணவர் இறந்தால் அழுவதற்கு ஒரு வீடும் பதினாறாம் நாளும் நம் ஊரில் இருக்கின்றன. உயிரோடு இருக்கும் கணவரை விட்டு வந்தவருக்கு அழ ஓர் இடமில்லை; அழுதால் “அப்போ திரும்பிப் போ” என்கிறார்கள். அல்வாவோடு வந்த மனிதருக்காக அழுதுகொண்டே, அடித்த மனிதரிடம் திரும்பிப் போகாமலும் இருக்க முடியும் என்பதை அவர் கேட்க வேண்டியது உங்கள் அறையில்தான்.

கதைக்கு முன் பாதுகாப்பு

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இத்தகைய மீட்சியை மூன்று கட்டங்களாக வகுத்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், அதன் பிறகு மனிதர்களோடு மீண்டும் இணைதல். நடைமுறையில் இந்த வரிசை முன்னும் பின்னும் போகும். ஆனால் நீங்கள் முதல் மாதத்திலேயே நோட்டைக் கொடுத்ததால் அவரை இரண்டாம் கட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். பகலில் எழுதியதை இரவில் அவர் தனியாகச் சுமந்திருப்பார். போகட்டும், அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது? தாய் வீட்டு அலமாரியில் அண்ணன் கையில் அகப்படும் இடத்தில் இருக்கிறதா, மகன் பள்ளிப் புத்தகங்களோடு கிடக்கிறதா என்று கேட்டீர்களா?

‘வெளியே வந்தாகிவிட்டது, ஆகவே ஆபத்து நீங்கிவிட்டது’ என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் இருக்கிறது. உண்மையில் பிரிந்து போகும் காலமும் அதன் பிந்தைய மாதங்களுமே ஆபத்து கூடும் காலம். கட்டுப்பாடு கை நழுவுகிறது என்று உணரும்போதுதான் சிலர் எல்லை மீறுகிறார்கள். கணவர் எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். பெண்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது. வெளியே தழும்பு இருக்காது, ‘கழுத்தைப் பிடிச்சார்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் போய்விடுவார்கள். அப்படி ஒருமுறை நடந்திருந்தாலே பின்னாளில் கொலையில் முடியும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயுதம் உண்டா, பின்தொடர்கிறாரா, தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டுகிறாரா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், யாரும் நினைக்காத சில்லறைக் காரியங்கள் இருக்கின்றன. பழைய போனில் அந்தப் பெண்ணின் ஜிமெயில் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கலாம், அதன் வழியே இருப்பிடம் தெரியலாம். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிவான கைபேசி எண் கணவருடையதாக இருந்தால் ஒவ்வொரு ஓடிபியும் அவருக்கே போகும். ஆதாரிலும் வங்கியிலும் எண்ணை மாற்றினால்தான் பணம் உண்மையில் அந்தப் பெண்ணின் கைக்கு வரும். மனம் ஆறுவதற்கும் ஓடிபிக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். என் அனுபவத்தில், தன் பெயரில் தன் எண்ணோடு ஒரு கணக்கு தொடங்கிய வாரத்தில் நன்றாகத் தூங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அறைக்குள் மாற்ற வேண்டியவை

கண்களை மூடச் சொல்ல வேண்டாம். எப்போது அடி விழும் என்று கண் விழித்தே பழகிய உடலுக்கு மூடிய கண் ஓய்வைத் தராது, அச்சத்தையே தரும். கண் திறந்தபடியே பாதம் தரையில் படுவதை உணர்வது, அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்வது, குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்திருப்பது போன்றவை போதும். பைக் ஸ்டாண்டு ஓசைக்கும் இதே வழிதான். ஓசை கேட்டதும் உறைந்து போவது அவர் கையில் இல்லை. அதற்குப் பிந்தைய அரை நிமிடத்தில் “இது அம்மா வீடு, வாசலில் இருப்பது பால்காரர் வண்டி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பழகப் பழக வரும்.

மறதியை மனச்சோர்வின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். தலையைச் சுவரில் மோதியதோ, கழுத்தை நெரித்தபோது நினைவு தப்பியதோ உண்டு என்றால் அது மூளைக் காயமாகவும் இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு பரிசோதனைகளும் அவசியம். உறக்கமின்மை இவ்வளவு நாள் நீடிப்பதால் மனநல மருத்துவரின் மதிப்பீடும் தேவை. தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் மழுப்பாமல் கேளுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து தமிழிலேயே பேசலாம் என்று தெரிந்திருக்கட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் சிக்கலான அதிர்ச்சிப் பிந்தைய மனநோய் 6பி41 என்ற குறியீட்டோடு தனியாக இடம்பெற்றிருக்கிறது. 2022 ஜனவரியில் அந்த வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. மீண்டும் மீண்டும் நிகழ்வது போன்ற நினைவு, தவிர்த்தல், எப்போதும் ஆபத்து என்ற உணர்வு ஆகியவற்றோடு, உணர்ச்சியை அடக்க இயலாமை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற உறுதியான எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை ஆகியவையும் சேர்ந்த நிலை அது. உங்கள் விவரிப்பு அதை நினைவூட்டுகிறது, எனினும் ஒரு கடிதத்தை வைத்து நான் நோயைத் தீர்மானிக்க மாட்டேன். அப்படி இருக்குமானால் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறையோ முறைப்படி பயின்றவர் செய்ய வேண்டும். பயிற்சி இல்லாமல் நினைவுகளைக் கிளறுவதைவிட, பயின்றவரிடம் அனுப்பிவிட்டு நீங்கள் அன்றாட ஆதரவாக நிற்பதே அவருக்கு நன்மை.

மன்னிப்புக் கடிதத்தைக் கைவிட்டுவிடுங்கள். மன்னிப்பது அவருக்கு என்றாவது தோன்றினால் தோன்றட்டும், அதைச் சிகிச்சையின் படிக்கட்டாக வைக்க வேண்டாம்.

தாலி விஷயத்துக்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் விடுதலையின் அடையாளமாக அதைக் கழற்றச் சொன்னீர்கள். அவருக்கு அது வேறாக இருக்கலாம். பேருந்தில், அலுவலகத்தில், வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் தெருவில் கேள்விகள் வராமல் தடுக்கும் வேலியாக இருக்கலாம், இல்லை, இன்னும் முடிவு செய்யாத ஒன்றாகவே கழுத்தில் கிடக்கலாம். என்ன உடுத்த வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று 9 ஆண்டுகள் ஒருவர் சொல்லிக் கேட்டவரிடம், கழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் காட்டும் திசை நல்லதுதான் என்றாலும் சொல்லும் விதம் அவருக்கு ஏற்கெனவே பழக்கமானது.

என் அறையில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன: ஒன்று கதவோரம், ஒன்று சன்னலோரம், ஒன்று எனக்கு நேர் எதிரே. வருபவரை எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பேன். ஒருமுறை ஒரு பெண் கைப்பையை மார்போடு அணைத்தபடி, “நீங்களே சொல்லுங்க மேடம்” என்று நின்றுகொண்டே இருந்தார். கடிகாரத்தில் நான்கு நிமிடம். எனக்கும் அந்த நான்கு நிமிடம் நீண்டதாகத்தான் இருந்தது, நான் சொல்லவில்லை. கடைசியில் கதவோர நாற்காலியை இன்னும் சற்றுக் கதவுப் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தார். அன்றைய அமர்வில் வேறு எதுவும் பெரிதாக நடக்கவில்லை, நடக்க வேண்டியிருக்கவும் இல்லை. அடுத்த சந்திப்பு எந்தக் கிழமை, இன்று எதைப் பேச வேண்டாம், எப்போது நிறுத்த வேண்டும் என்ற சின்னத் தெரிவுகளை அந்தப் பெண்ணிடமும் இப்படியே திருப்பிக் கொடுங்கள்.

கூட்டு ஆலோசனை

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒருவருக்கு மற்றவரிடம் அச்சம் இருக்கும்போது இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தால், அச்சப்படுபவர் உண்மையைப் பேசினால் வீட்டில் விலை கொடுப்பார், பேசாவிட்டால் ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று பதிவாகிவிடும். தவிர, அவருடைய ஆலோசகரான நீங்கள் கணவருக்கும் ஆலோசகராவது முறையாகாது. அவருடைய அழைப்பை ஏற்காமல், தேவையானால் வேறு நிபுணரின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் உங்களிடம் வருகிறாரா இல்லையா என்பதைக்கூட உறுதிப்படுத்த வேண்டாம்.

குடியை விட்டது நல்ல செய்தியே. ஆனால் குடித்திருந்தபோது அவர் தன் மேலதிகாரியை அடித்தாரா, தெருக்காரரை அடித்தாரா என்று எண்ணிப் பாருங்கள். மது கைக்குத் தைரியம் கொடுத்திருக்கும்; யாரை அடிக்கலாம் என்ற கணக்கு மதுவுக்கு முன்பே இருந்தது. ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டது போதையில் செய்த காரியமா என்ன?

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் 2006-ஆம் ஆண்டு விதிகளின் 14-ஆவது விதி, அந்த ஆலோசனையில் வன்முறைக்கு எந்த நியாயமும் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு இடமில்லை என்றும், அதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் கூறுகிறது. “அவளும் வாய் பேசினாள்” என்று தொடங்கும் ஊர்ப் பேச்சுவார்த்தைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

சட்டத்தின் கதவு

நான் வழக்கறிஞர் இல்லை. இருந்தாலும் உறவினர்கள் சொன்னது தவறு என்பது எனக்குத் தெரியும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சேர்ந்து வாழ்பவர்களை மட்டுமல்லாமல், முன்பு சேர்ந்து வாழ்ந்தவர்களையும் காக்கிறது. ஓராண்டு கடந்துவிட்டது என்ற காரணத்தால் நிவாரணம் கேட்கும் 12-ஆம் பிரிவு மனுவைத் தள்ள முடியாது என்று, நம் மாநிலத்திலிருந்தே சென்ற காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அடி மட்டுமல்ல, வசையும், சம்பளத்தைப் பறித்து வைப்பதும் அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் வன்முறையே. பாதுகாப்பு ஆணை, பண நிவாரணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. கணவர் செய்த கொடுமைக்கான குற்றவியல் புகார் தனி வழி. அதற்கு 3 ஆண்டுக் காலவரம்பு இருப்பதால் அதுவும் இன்னும் திறந்தே இருக்கிறது.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், வன்முறைக்குள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் இருக்கின்றன. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதி அவர் முன் வையுங்கள், வழக்குப் போடுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். வழக்கு மருந்தாகவும் ஆகலாம், வாய்தா வாய்தாவாகப் புண்ணைக் கிளறவும் செய்யலாம். அதை எடை போட வேண்டியவர் அவர்தான். வழக்கு வந்தால் உங்கள் குறிப்பேடும் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும் என்பதை நினைவில் வைத்து, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, தேதியோடு, உங்கள் ஊகங்களைக் கலக்காமல் எழுதிவையுங்கள்.

மகனைப் பற்றி அதிகம் எழுதவில்லை நீங்கள். தந்தையின் வாய்ச்சொல்லை அவன் அம்மாவிடமே திருப்பிச் சொல்வதாக ஒரு குறிப்பு இருந்தது. அவனைக் கெட்ட பையனாக யாரும் பார்க்காமல் இருக்கட்டும். முடிந்தால் குழந்தைகளோடு பழகிய வேறோர் ஆலோசகரிடம் அவனை அனுப்புங்கள்.

‘சில நாள் எனக்கே அந்தப் பெண் மேல் கோபம் வருகிறது’ என்று எழுதியதற்கு நன்றி, மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தை மூத்த ஒருவரிடம் மாதம் இருமுறையாவது கொண்டுபோய் வைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதற்கு இடமில்லாதபோதுதான் அது ‘தாலியைக் கழற்றுங்கள்’ என்ற அறிவுரையாக வெளியே வருகிறது.

இனி அவரை அழைப்பது எப்படி? அவருடைய போனை யார் பார்ப்பார்கள் என்று தெரியாத நிலையில் நீண்ட செய்தி வேண்டாம். “வியாழன் 11 மணி நேரம் உங்களுக்காக வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்” என்ற அளவில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். வந்தால், வேறெதையும் தொடங்குமுன் சொல்லுங்கள்: “நீங்கள் என்னிடம் சொன்னதை உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அது தவறு. அதனால் உங்களுக்கு வீட்டில் என்ன ஆனது என்று கேட்க விரும்புகிறேன்.” காரணம் கூற வேண்டாம், உங்களைத் தேற்றும் வேலையை அவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள். ஒருவர் மீது கோபப்பட்டும் அடி விழாத இடம் அவருக்கு இதுவரை அதிகம் கிடைத்திருக்காது. வேறு ஆலோசகரிடம் போக விரும்பினால் இரண்டு பெயர்களைக் கொடுங்கள். வராவிட்டால் மறுபடி அழைக்காதீர்கள். ஒரு மாதத்துக்காவது அந்த வியாழன் 11 மணியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள்.